இடக்கு

பந்து துடைப்பதில் என் அண்ணனுக்கு நிகர் அவன்தான். பவுலிங் லேனின் மறுகோடியில் விழுந்த பந்து தரைக்கடியில் உருண்டு, மூச்சு வாங்குவது போன்ற சத்தத்தோடு மேலே வரும். அது நிற்பதற்குள் அவன் கையில் நீலத் துண்டு இருக்கும். குளித்த குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துவட்டுவான். தன் பந்து, அண்ணியின் பந்து, லிஃப்ட் அண்ணாவின் பந்து, என் பந்து, எல்லாவற்றுக்கும் அதே துவட்டல். யாரும் கேட்டுச் செய்வதில்லை. கேப்டன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

அந்தத் துண்டுதான் என்னை டீமிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. அது புரிய எனக்கு முக்கால் சீசன் பிடித்தது.

எங்கள் பவுலிங் கூடம் ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேலே கார் நிறுத்துமிடம். வெளியே மழை கொட்டினாலும் உள்ளே தெரியாது. வாடகை ஷூக்களுக்கு அடிக்கும் மருந்து வாசனையும் பொரித்த உருளைக்கிழங்கு வாசனையும் கலந்து நிற்கும். ஞாயிறு மதியம் லீக் ஆட்டங்கள் நடக்கும். டீமுக்கு நான்கு பேர், ஓர் ஆட்டத்துக்கு மூன்று கேம். இரண்டு டீமும் பக்கத்துப் பக்கத்து லேன் இரண்டில் மாறி மாறி வீசும். அண்ணன் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான். அண்ணி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நாலாவது ஆள் அண்ணனின் சிநேகிதர், லிஃப்ட் பழுதுபார்ப்பவர், எங்களுக்கு லிஃப்ட் அண்ணா. நான் ஒரு டயர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். நனைந்த சாலையில் எந்த ரப்பர் எவ்வளவு பிடிக்கும் என்று அளப்பது என் வேலை.

எனக்குப் பேச்சு வராது. ஷூ வாங்குமிடத்தில் என் கால் அளவைச் சொல்லக்கூட அண்ணியைத்தான் அனுப்புவேன்.

தலைக்கு மேலே தொங்கும் திரையில் ஆடுபவர்களின் பெயர் வரும். சீசனின் முதல் நாள் லிஃப்ட் அண்ணாதான் தட்டினார். கேப்டன், பஸ், லிஃப்ட். நான் இடது கையால் வீசுகிறவள் என்பதால் எனக்கு ‘இடக்கை’ என்று தட்டப் போனார். ‘இடக்கு’ என்று விழுந்துவிட்டது.

“அடடா, தப்பா விழுந்துருச்சும்மா. எப்படி அழிக்கிறதுன்னு தெரியலையே.”

“விடுடா, இருக்கட்டும்,” என்றான் அண்ணன். “இவளுக்குப் போய் இடக்குன்னு பேரு. இவ என்னைக்கு எதிர்த்துப் பேசியிருக்கா?”

“பேர் வெச்சாச்சுல்ல,” என்றார் அண்ணி. “இனிமே பேசுவா பாருங்க.”

நான் ஷூ முடிச்சைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

என் ஆட்டத்தில் ஒரு கோளாறு இருந்தது. முதல் கேம் நன்றாக ஆடுவேன். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் மண்ணைக் கவ்வுவேன். பந்து திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஓரமாகவே போய், கோடியில் நிற்கும் பத்துப் பின்களில் ஒன்றிரண்டைத் தட்டிவிட்டு இருட்டுக்குள் விழும். வாராவாரம் இதே கதை.

“கடைசி கேம்னாலே இவளுக்குக் கை உதறும்,” என்பான் அண்ணன், கேட்பவர்களிடமெல்லாம். கோபமாக இல்லை, பரிவாகத்தான். அதனாலேயே நானும் நம்பினேன். மூச்சை இழுத்துப் பிடித்து வீசிப் பார்த்தேன். வாழைப்பழம் தின்று பார்த்தேன். யாராவது ஏதாவது சொன்னால் அதையெல்லாம் செய்து பார்த்தேன்.

லேனுக்கு எண்ணெய் பூசியிருக்கும் என்பது வேடிக்கை பார்ப்பவர்களுக்குத் தெரியாது. பார்த்தாலும் தெரியாது, அவ்வளவு மெல்லிய பூச்சு. முன்பகுதி முழுக்க எண்ணெய், பின்கள் நிற்கும் பக்கம் காய்ந்த பலகை. சுழற்றி விட்ட பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த இடம் வந்ததும் பலகையைப் பிடித்துத் திரும்பும். அப்படித் திரும்பி, முதல் பின்னின் விலாவில் புகுந்தால்தான் பத்தும் சாயும்.

பந்தும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். சொரசொரப்பான பந்து சீக்கிரம் பிடிக்கும், நிறையத் திரும்பும். வழவழப்பான பந்து வழுக்கிக்கொண்டே போகும். எண்ணெய் நிறைய இருந்தால் சொரசொரப்பு, குறைந்தால் வழவழப்பு. இவ்வளவுதான் சங்கதி. தொல்லை என்னவென்றால், பூசிய எண்ணெய் அப்படியே இருக்காது. போகிற பந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துவிட்டுப் போகும்.

அதனால் இரண்டாவது கேம் முடிந்ததும் அண்ணன் நெற்றியைச் சுருக்கி லேனைப் பார்ப்பான். பிறகு அறிவிப்பான்.

“காஞ்சுபோச்சு. எல்லாரும் வழவழப்பை எடுங்க.”

எடுப்போம். மற்ற மூவரும் சமாளித்துவிடுவார்கள். நான் கவிழ்வேன்.

ஒரு ஞாயிறு, மூன்றாவது கேமின் நடுவில் ஒலிபெருக்கி அண்ணனின் கார் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டது. யாருடைய காரையோ மறித்து நிறுத்தியிருக்கிறானாம். துண்டைத் தோளில் போட்டபடியே படியேறி ஓடினான். அந்த நேரம் என் பந்து மேலே வந்தது. துடைக்க ஆளில்லை. அது அப்படியே நின்றது.

அதன் மேல் எண்ணெய் வளையம் வளையமாக மின்னியது. கழுவாத தட்டு போல. விரலை வைத்து இழுத்தேன். விரல் வழுக்கியது. அதன் பக்கத்தில், கடைசியாக வந்த அண்ணனின் பந்து நின்றது. அதையும் அவன் துடைத்திருக்கவில்லை. அதில் நூல் போல ஒரு கோடு, அதுவும் காய்ந்து மங்கிப்போய்.

ஒரே லேன், ஒரே நேரம். ஒரு பந்து குளித்து வந்திருக்கிறது, இன்னொன்றுக்கு முகம் கழுவக்கூடத் தண்ணீர் கிடைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் டீமில் மூவர், எதிர் டீமில் நால்வர், எல்லோரும் வலது கைக்காரர்கள். எல்லோருடைய பந்தும் லேனின் வலது பக்கமாகவே ஓடுகிறது. அங்கேயுள்ள எண்ணெயை ஏழு பேர் குடிக்கிறார்கள். இடது பக்கம் நான் ஒருத்திதான். என் பக்கம் காயவே இல்லை. காயாத லேனில்தான் நான் வாராவாரம் வழவழப்பான பந்தை வீசிக்கொண்டிருந்தேன். ஈரத் தரையில் தேய்ந்த டயர். அது எப்படித் திரும்பும்?

என் கை உதறவில்லை.

அண்ணன் திரும்பி வந்தான். “நம்ம வண்டி இல்லையாம், பக்கத்து வண்டியாம். மைக்ல நம்பரைத் தப்பாப் படிச்சிருக்கான்,” என்று சொல்லிக்கொண்டே இரண்டு பந்தையும் துடைத்தான். வளையம் போய்விட்டது.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். சொல்வதற்கு முன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

“அண்ணா, என் பக்கம் காயலை.”

“எந்தப் பக்கம்?”

“லேன்ல. இடது பக்கம்.”

“லேனுக்கு ஏதுடி பக்கம்? அது என்ன தலையணையா, திருப்பிப் போட்டுப் படுக்கறதுக்கு?”

அண்ணி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால் அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று.

“என் பந்துல எண்ணெய் நிறைய இருந்துச்சு. பாத்தேன்.”

“பந்துன்னா எண்ணெய் இருக்கத்தான் செய்யும். அதுக்குத்தான துடைக்கிறேன்.”

“துடைக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்.”

“இங்க பாரு, டயர் வேற, பந்து வேற. உங்க லேப் வேலையெல்லாம் லேப்போட வெச்சுக்கோ.” தண்ணீர் குடித்தான். பிறகு, அப்போதுதான் நினைவு வந்ததுபோல், “எங்க மேனேஜர் அடுத்த சீசன் நம்ம டீம்ல ஆடணும்னு கேக்கறார்.”

“டீமுக்கு நாலு பேருதானே?” என்றார் அண்ணி. “அவர் யார் மடில உக்காருவார்?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. “கடைசி மேட்ச் வரைக்கும் பாப்போம். மூணாவது கேம்ல இவ தேறிட்டா சரி. இல்லன்னா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். பாவம், டென்ஷனாகுறா.”

ரெஸ்ட். நான் எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

வாரம் முழுக்க நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஈர உருளையில் ரப்பர் துண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை, நானும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறு மதியம் என் கையிலிருந்து ஒன்று புறப்பட்டுப் போய், கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போடும். நான் போடாத சத்தத்தையெல்லாம் அது போடும். அந்த ஒன்றை யாருக்கோ தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

என்னிடம் பழைய பந்து ஒன்று இருந்தது, கட்டிலுக்கடியில். அதைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். மதிய இடைவேளையில் குழாயடியில் வைத்து, நீர் விட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். மேல் பளபளப்பெல்லாம் கரைந்து சாம்பல் நிறமாக ஓடியது. கடைசியில் பந்து வெளிறிப்போய், கையில் எடுத்தால் தோலைப் பற்றுவதுபோல் இருந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு பந்தைத் தேய்க்கக் கூடாது. அதற்கு முன் தேய்த்துக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அதையும் படித்துவைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அண்ணன் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஜிப்பைத் திறந்தான்.

“மூணு பந்தா? இதென்னது? இதுக்குச் சொறி புடிச்சிருக்கா?”

“தேச்சேன்.”

“பளபளன்னு இருக்கறதை எவளாவது தேய்ப்பாளா? ஏய், இங்க வந்து பாரு,” என்று அண்ணியைக் கூப்பிட்டான். “உன் நாத்தனார் ஒரு சொறிப்பந்து வளக்கறா.”

அண்ணி வந்து பந்தைத் தடவிப் பார்த்தார். “நல்லாப் புடிக்குதே,” என்றார். பேருந்து ஓட்டுகிறவருக்குப் பிடிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி ஆட்டம் ஒரு மருத்துவமனை டீமோடு. அவர்களில் ஒருவர் பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, குட்டை முடி. அவருடைய பந்து கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக். உள்ளே ஒரு பெரிய பொம்மைப் பல் மிதந்துகொண்டிருந்தது. லிஃப்ட் அண்ணா அதைப் பார்த்ததிலிருந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினார்.

பல் டாக்டர் முதல் பந்தை வீசியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடது கை. சீசன் முழுக்க என் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். இன்று இரண்டு பேர்.

அவருடைய பந்து சுழலவில்லை, திரும்பவில்லை. நேராகப் போய் நேராக இடித்தது. பிளாஸ்டிக் எண்ணெயைக் குடிக்காது. ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற கத்தி மாதிரி, முன்னால் இருப்பதை இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் தடவும். முதல் கேமில் வித்தியாசம் தெரியவில்லை. முதல் இரண்டு கேமுக்கு நான் எடுக்கும், சொரசொரப்பும் வழவழப்பும் பாதிப்பாதியான நடுத்தரப் பந்து ஒழுங்காகத் திரும்பியது. இரண்டாவது கேமின் பாதியிலிருந்து அது தயங்க ஆரம்பித்தது. திரும்ப வேண்டிய இடத்தில் யோசித்துவிட்டு, தாமதமாகத் திரும்பி, ஓரத்தில் ஒரு பின்னை விட்டுவிட்டு வந்தது.

என் பக்கம் காயவில்லை. காய்வது இருக்கட்டும், ஈரம் இன்னும் தூரத்துக்குப் பரவியிருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் உறுதிப்படுத்திக்கொள்ளப் பந்தைப் பார்க்க வேண்டும். பந்து வரும்போது நான் எட்டிப் போனால், எனக்கு முன்னால் நீலத் துண்டு போய்விடும். ஒரு முறை அவன் கையடியில் எட்டிப் பார்த்தேன். ஏதோ மின்னியது மாதிரி இருந்தது. அதற்குள் துவட்டிவிட்டான்.

“என்ன, பந்துல மூஞ்சி பாக்கறியா?” என்றான்.

இரண்டாவது கேம் முடிந்தது. இரண்டு டீமும் ஏறக்குறைய சமமாக நின்றன. அண்ணன் நெற்றியைச் சுருக்கினான்.

“காஞ்சுபோச்சு. எல்லாரும் வழவழப்பு.”

அண்ணி தன் பந்தை மாற்றினார். லிஃப்ட் அண்ணா மாற்றினார். நான் பையைத் திறந்து சொறியை எடுத்தேன்.

“ஏய். அது வேண்டாம்.”

“என் பக்கம் எண்ணெய் இருக்கு அண்ணா.”

“ஆரம்பிச்சுட்டியா? கையை உதறவிட்டுட்டு எண்ணெய் மேல பழி போடாத. வழவழப்பை எடு.”

“இல்ல.”

அவன் என் பக்கத்தில் வந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். எதிர் டீம் கேட்கக் கூடாது என்று தாழ்த்தியதுதான், ஆனால் கோபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

“இதோ பாரு. நான் சொல்ற பந்தைப் போடலன்னா, நீ எத்தனை பின் சாய்ச்சாலும் சரி, அடுத்த சீசன் டீம்ல இல்ல. சொல்லிட்டேன்.”

“ஏங்க,” என்றார் அண்ணி.

“நீ சும்மா இரு.”

நான் யோசித்தேன். வழவழப்பைப் போட்டால் பின் சாயாது, அதனால் இடமில்லை. சொறியைப் போட்டால் சாயும், ஆனாலும் இடமில்லை. எப்படிப் பார்த்தாலும் வெளியேதான். அப்படியென்றால் என் கையில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு கேம். இதையும் ஏன் அவன் பந்தில் ஆட வேண்டும்?

“சரி,” என்றேன். “அப்ப இந்த ஒரு கேமை என் பந்துல ஆடிட்டுப் போறேன்.”

லிஃப்ட் அண்ணா மேலே திரையைப் பார்த்தார். “அன்னைக்கே சொன்னேன், தப்பா விழுந்துருச்சுன்னு,” என்று முணுமுணுத்தார்.

என் முறை வந்தது. சொல்வதைச் சொல்லிவிட்டேனே தவிர, எட்டு வைத்தபோது காலடி குறுகிவிட்டது. பந்து கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது, வேகம் போதவில்லை. மெதுவாகப் போன சொறி பாதி வழியிலேயே பிடித்துத் திரும்பி, முதல் பின்னின் முகத்தில் நேராக இடித்து, அந்தப் பக்கம் போய் விழுந்தது. இரண்டு மூலையிலும் ஒவ்வொரு பின் நின்றது. நடுவில் ஒரு லாரி போகலாம்.

“பாத்தியா? பாத்தியா?” அண்ணன் எழுந்தேவிட்டான். “லேன் காஞ்சிருக்கு, சொரசொரப்பு கடிச்சு இழுக்குது. நான் சொன்னேன்ல? எடு வழவழப்பை!”

அவன் சொன்னதுபோலவேதான் பந்து போயிருந்தது. ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. தரைக்கடியில் பந்து உருண்டு வரும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தது. துண்டு நீண்டது.

“துடைக்காதே!”

பக்கத்து லேனில் வீசப் போன ஆள் வீசாமல் நின்றார். ஷூ கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அண்ணனின் கை பந்துக்கு மேலே அப்படியே நின்றது.

“என்னடி?”

“அது என் பந்து. துடைக்காதே. நான் பாக்கணும்.”

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி துண்டின் மறு நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் குனிந்து பார்த்தேன். வெளிறிய பந்தின் மேல் பட்டை பட்டையாக எண்ணெய். விரலால் இழுத்தேன். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அன்று பார்த்ததைவிட அடர்த்தி.

லேன் நான் நினைத்தபடிதான் இருக்கிறது. பந்தும் சரியான பந்துதான். தப்பு பண்ணியது என் காலடி. அது பந்தை மாற்றினால் சரியாகாது.

முறைக்கு இரண்டு வீச்சு. இரண்டாவதில், மிச்சமிருந்த இரண்டு பின்னில் ஒன்றை மட்டும் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தான்.

அடுத்த முறை எழுந்தபோது சொறியைத்தான் எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. இந்தத் தடவை பயந்து தடவிக் கொடுக்கவில்லை, வீசினேன். பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுத்தரப் பந்து யோசித்த இடத்துக்கு வந்தது. இது யோசிக்கவில்லை. ஈரத்திலும் பலகையைக் கவ்வி, திரும்பி, விலாவில் புகுந்தது.

பத்தும் சாய்ந்தன. அந்தச் சத்தம்.

திரும்பி வந்தபோது லிஃப்ட் அண்ணா மட்டும் கையை உயர்த்தினார். தட்டினேன். அண்ணனின் வலது முழங்கை துடிப்பதைப் பார்த்தேன். தட்டத்தான் வந்தது, அவன் விடவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பந்து வந்ததும் நான் போய்க் குனிந்து பார்ப்பேன். பிறகு உட்காருவேன். இரண்டு லேனிலும் மாறி மாறி வீசினோம். இரண்டிலும் சொறி தன் வேலையைச் செய்தது. ஒரு முறை கை தவறி ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது. அப்போதும் யாரும் வழவழப்பு என்று சொல்லவில்லை.

நடுவில் பல் டாக்டர் என் பக்கம் சாய்ந்தார். “நல்ல பந்து. எதைப் போட்டுத் தேச்ச?”

“உப்புத்தாள்.”

“அதான பாத்தேன். நாங்களும் பல்லைச் சொரசொரன்னு ஆக்கிட்டுத்தான் மேல எதையும் ஒட்டுவோம். வழவழன்னு இருந்தா எதுவும் புடிக்காது.” தன் பந்தைக் காட்டினார். “இது சும்மா அழகுக்கு. அரசு வேலைக்காரன் மாதிரி, நேராப் போய் நேரா வந்துரும்.”

நான் சிரித்தேன். முன்பின் தெரியாத ஒருவரோடு நான் பேசிக்கொண்டிருப்பதை அண்ணி ஆச்சரியமாகப் பார்த்தார்.

கடைசியில் எல்லாம் அண்ணனின் கடைசி ஒரு வீச்சில் வந்து நின்றது. திரையில் பெயர் முதலில் இருந்தாலும் கேப்டன் கடைசியாக வீசுவதுதான் எங்கள் வழக்கம். பத்தும் சாய்ந்தால் வெற்றி எங்களுக்கு, இல்லையென்றால் அவர்களுக்கு. அவன் வழவழப்பை எடுத்தான். வலது பக்கம் உண்மையாகவே வறண்டுதான் கிடந்தது. அந்தப் பக்கத்துக்கு அவன் கணக்கு சரி. பந்து நன்றாகத்தான் போனது. ஒன்பது சாய்ந்தன. மூலையில் ஒன்று, இன்னொரு பின் உருண்டு வந்து உரசிக்கொண்டு போயும், தள்ளாடி நின்றுவிட்டது.

நாங்கள் தோற்றோம்.

கைகுலுக்கல் எல்லாம் முடிந்து, மருத்துவமனை டீம் படியேறிப் போன பிறகும் திரை அணையவில்லை. நான்கு பெயர்கள், நான்கு மூன்றாவது கேம்கள். கேப்டன், பஸ், லிஃப்ட், இடக்கு. மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் பெரிய எண் இடக்கின் வரியில்தான் இருந்தது.

அண்ணன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “உன்னோட சண்டை போட்டதுல என் கவனம் போச்சு.”

“அவ போட்டது பந்து,” என்றார் அண்ணி. “சண்டை போட்டது நீங்க.”

“நான் சொன்னது சொன்னதுதான். என் பேச்சைக் கேக்கல. டீம்னா ஒரு கட்டுப்பாடு வேணும்.”

“சரி, வெச்சுக்குவோம். மேனேஜருக்கு இடம் வேணும்னா உங்க இடத்தைக் குடுங்க. நானும் அவளும் லிஃப்ட்டும் அவரைப் பாத்துக்கறோம்.”

“எனக்கென்ன, யார் வந்தாலும் ஏத்திக்குவேன்,” என்றார் லிஃப்ட் அண்ணா. “ஆனா தங்கச்சி இறங்கிட்டா வண்டி மேல போகாது. இன்னைக்கு ஸ்கோரைப் பாத்தல்ல?”

அண்ணன் திரையைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி, லேனைப் பார்ப்பதுபோலவே நெடுநேரம் பார்த்தான். கழற்றிய ஷூவை ஜோடி சேர்த்து வைத்தான்.

“சரி, இரு,” என்றான் என்னிடம். “மேனேஜர்கிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன். ஆனா ஒண்ணு. இனிமே பந்தை மாத்தறதுன்னா என்னைக் கேட்டுட்டு மாத்து.”

தலையாட்டிவிட்டால் முடிந்துவிடும். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன்.

“கேக்க மாட்டேன்,” என்றேன்.

“என்னது?”

“சொல்லுவேன். கேக்க மாட்டேன்.”

“ரெண்டுக்கும் என்னடி வித்தியாசம்?”

“இருக்கு.”

அவன் லிஃப்ட் அண்ணா பக்கம் திரும்பி, “ஏன்டா, அன்னைக்கே ஒழுங்கா இடக்கைன்னு தட்டித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றான்.

“விரல் வழுக்கிருச்சுடா,” என்றார் லிஃப்ட் அண்ணா. “எண்ணெய்.”

அண்ணி சிரித்ததில் துண்டு மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அண்ணன் அதை எடுத்தான். என் பந்து, கடைசியாக வீசி வந்த நிலையிலேயே மேடையில் நின்றுகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவன் கை அதன் பக்கம் போனது. பாதியில் நின்றது. துண்டை என்னிடம் நீட்டுவான் என்று நினைத்தேன். நீட்டவில்லை. மடித்துத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினான்.

போகட்டும்.

நான் சொறியைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வளையங்கள் இன்னும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டு, நானே துடைத்தேன்.